பதில்: குறுவள மையப் பயிற்சியில் அடர்த்தி பாடம்

வணக்கம் டீச்சர். ஏர்வாடிப் பக்கம் குறுவள மையத்தில் (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் பயிற்சிக்குக் கூடும் இடம்) அறிவியல் ஆசிரியர்களுக்கு 'அடர்த்தி' எடுக்கணும், ஆய்வகச் சாமான் இல்லை, சிலைடு போட்டால் பாதிப் பேர் தூங்குகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சிலைடை விடுங்கள். மூன்று கண்ணாடி டம்ளர் போதும்: குடிநீர், கடல்நீர், வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு பூக்கிற பாத்தித் தண்ணீர். முட்டையைப் போடும் முன், எதில் மிதக்கும் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதி வாங்குங்கள். பலர் கடல்நீர் என்பார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். மூழ்கிவிடும்! கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புதான், ஒரு மில்லிலிட்டரின் எடை 1.025 கிராம், முட்டை அதைவிட அடர்த்தி. பாத்தித் தண்ணீரில்தான் தக்கை மாதிரி மேலே வரும். அப்புறம் பாருங்கள், சண்டையே நடக்கும். நடக்கட்டும், குறுக்கே போகாதீர்கள். முட்டை மட்டும் புதுசாக வாங்குங்கள். பழசு உள்ளே காற்றறை பெருத்து, குடிநீரிலேயே மிதந்து மானத்தை வாங்கிவிடும்.