மூணு நிமிஷம் போதலண்ணே

கேள்வி: அண்ணே, நாங்க கண்மாய்ப் பொட்டல்ல டிஸ்க் கோல்ஃப் ஆடுறோம், தட்டை வீசி சங்கிலி தொங்குற கூடையில போடுற ஆட்டம். கருவேல முள்ளுக்குள்ள தட்டு போனா மூணு நிமிஷத்துல கண்டுபிடிக்கணும், இல்லன்னா ஒரு த்ரோ பெனால்டி. இந்த ரூல மாத்தணும்ல? - வாசகர், காரைக்குடி

பதில்: தம்பி, இத நான் மாத்த மாட்டேன், பின்னாடி அடுத்த செட்டு காத்துக்கிட்டு நிக்கும்ல. செம்மண்ல ஆரஞ்சுத் தட்டு கண்ணுக்கே தெரியாதுப்பா, நீலம் வாங்குங்க, ஒருத்தர முன்னாடி நிக்க வச்சுட்டு வீசுங்க.

எனக்கு உண்மையிலேயே மாத்தணும்னு இருக்கறது கால் வைக்கிற ரூல்தான். தட்டு விழுந்த எடத்துக்குப் பின்னாடி 20 செ.மீ அகலம் 30 செ.மீ நீளத்துல ஒரு கட்டம், வீசுற நேரத்துல ஒரு காலாவது அதுக்குள்ள இருக்கணும், ஓடி வந்து வீசுறவன் சரளைக்கல்லுல சறுக்காம அதுக்குள்ள எப்படிப்பா மிதிப்பான்? 2018ல தான் இவ்ளோ அகலமே குடுத்தாங்க. தூரத்து வீச்சுக்கு இன்னும் தாராளமா விடலாம், கூடையிலருந்து 10 மீட்டருக்குள்ள மட்டும் கறாரா இருக்கட்டும், அங்க வீசின பிறகும் தடுமாறாம நிக்கணும்ங்கற ரூல் ரொம்ப சரி.

இன்னொன்னு, தப்பச் சொல்ல வேண்டியதே கூட ஆடுறவங்கதான், அதுக்கு இன்னொருத்தரும் ஆமான்னு சொல்லணும், பழகுனவன் மூஞ்சியப் பாத்து யாரு வாயத் திறப்பா சொல்லு? பெரிய போட்டியிலயாவது செட்டுக்கு ஒரு நடுவர் கூடவே வரணும்.