யூரியா இட்ட வயலில் அசோஸ்பைரில்லம் ஏன் சோம்பியிருக்கிறது?

கேள்வி: நெல் நாற்றின் வேரை, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியா உரமான அசோஸ்பைரில்லம் கரைசலில் அரை மணி நேரம் நனைத்து நட்டேன். யூரியா முழுவதையும் அடியுரமாகவே இட்டுவிட்டேன். நனைக்காமல் நட்ட பகுதிக்கும் இதற்கும் எந்த வேறுபாடும் தெரியவில்லை. பாக்கெட்டில் கிருமி எண்ணிக்கை போதாது, இரு மடங்கு வீரியமுள்ள திரவ உரத்தை வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். பழைய பாக்கெட் காலாவதியாகியிருந்தாலோ வெயிலில் கிடந்திருந்தாலோ கிருமிகள் செத்திருக்கும்; அப்போது புதிய பாக்கெட் தேவைதான், ஆனால் இரு மடங்கு வீரியம் தேவையில்லை. தாங்கள் கேட்டிருக்க வேண்டியது, உயிரோடிருக்கும் கிருமியும் ஏன் வேலை செய்யவில்லை என்பது.

காற்றிலுள்ள ஒரு நைட்ரஜன் மூலக்கூறை அம்மோனியாவாக மாற்ற, பாக்டீரியா, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறுகளில் குறைந்தது 16-ஐச் செலவிட வேண்டும். இவ்வளவு செலவுள்ள வேலையை, அம்மோனியம் அருகிலேயே கிடைக்கும்போது பெரும்பாலான உயிர்கள் செய்வதில்லை. நைட்ரஜனை நிலைநிறுத்தும் நொதிக்கான மரபணுக்களை இயக்க நிஃப்-ஏ என்ற புரதம் தேவை. அம்மோனியம் மிகுந்தால் அசோஸ்பைரில்லத்தில் அது செயல்படுவதில்லை, ஆக்சிஜன் மிகுந்தாலும் அப்படியே. ஏற்கெனவே உருவாகிவிட்ட நொதியையும் அம்மோனியம் விட்டுவைப்பதில்லை. டிராட் என்ற வேறொரு நொதி அந்த நொதியின் மேல் ஒரு மூலக்கூறை ஒட்டிச் சில நிமிடங்களில் நிறுத்திவிடுகிறது. அம்மோனியம் தீர்ந்த பிறகு டிராக் என்ற மற்றொரு நொதி அதை அகற்றி மீண்டும் இயங்கச் செய்கிறது. இந்தச் சிக்கனம் பாக்டீரியாவுக்கு மட்டும் உரியதன்று. பாக்டீரியாவிலிருந்து வேறுபட்ட ஒற்றைச்செல் உயிரிகளான, மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாக்களிலும் நைட்ரஜன் நிலைநிறுத்துபவை உண்டு. அவற்றில் என்ஆர்பி-ஆர் என்ற புரதம் டிஎன்ஏவின் மேலேயே அமர்ந்து அந்த மரபணுக்களை மூடி வைத்திருக்கிறது, நைட்ரஜன் பற்றாக்குறையில் செல்லுக்குள் பெருகும் 2-ஆக்சோகுளுட்டரேட் என்ற சிறு மூலக்கூறு வந்து பிடித்தால்தான் விலகுகிறது.

தாங்கள் இட்ட யூரியா, நீர் நிற்கும் சேற்றில் பெரும்பாலும் அம்மோனியமாகவே இருக்கும். அந்த நிலையில் கிருமி எண்ணிக்கையை இரு மடங்காக்குவது, சும்மா இருப்பவர்களின் எண்ணிக்கையை இரு மடங்காக்குவதே ஆகும். மண்ணில் எவ்வளவு நைட்ரஜன் இருக்கிறது என்று கேட்காமல் உயிர் உரம் விற்பவரின் பேச்சை நான் மதிப்பதில்லை. அதைவிட மோசம், கைவேலையை மிச்சப்படுத்துவதற்காக யூரியாவையும் உயிர் உரத்தையும் ஒன்றாகக் கரைத்து ஊற்றுமாறு சொல்வது.

அடுத்த பருவத்தில் யூரியாவை நான்கு தவணையாகப் பிரியுங்கள். அடியுரத்தில் கால் பங்குக்கு மேல் வேண்டாம். நன்கு மட்கிய தொழுவுரம் இடுங்கள், நைட்ரஜன் பிடிக்கத் தேவையான ஆற்றலுக்குக் கரிமப் பொருள் வேண்டும். அசோஸ்பைரில்லம் மட்டும் போதுமென்று யூரியாவை அடியோடு நிறுத்திவிடவும் கூடாது. பயிருக்குத் தேவையான நைட்ரஜன் முழுவதையும் அதனால் தர முடியாது. அது ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைச் சுரந்து வேரைக் கிளைக்கச் செய்வதும் பெரிய பயன்தான், அதனால் இலையின் பச்சையை மட்டும் பார்க்காமல் நனைத்த பகுதியில் சில பயிர்களையும் நனைக்காத பகுதியில் சிலவற்றையும் பிடுங்கி, வேர்களை அலசி அருகருகே வைத்துப் பாருங்கள்.