பள்ளிக்கூடம் விட்டபிறகு நடக்கும் வகுப்புகள் பிள்ளைகளின் படிப்புக்கும் வளர்ச்சிக்கும் உண்மையில் உதவுகின்றனவா?

உதவுகின்றன, அங்கே என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்து.

யாழ்ப்பாணத்தில் இதைக் கேட்டால் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது ரியூசன்தான். ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடும். சோறு சாப்பிட்டதும் சாப்பிடாததுமாகப் பிள்ளை சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிடும், பொழுதுபட்டபிறகு திரும்பி வரும். நீள வாங்குகளில் நெருக்கியடித்து இருந்து, சேர் சொல்லச் சொல்லக் கொப்பியில் எழுதும். உயர்தரப் பரீட்சை எடுக்கும் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு கைகொடுக்கிறது என்று தெரியும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு அதே முறை எதற்கு? காலையில் கேட்டதையே பின்னேரமும் கேட்பதால் விளங்காதது விளங்கிவிடாது.

நான் சொல்ல வருவது இன்னொரு வகையைப் பற்றி. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில், தரம் 3 முதல் 8 வரையான பிள்ளைகளோடு பின்னேரங்களில் இருக்கிறேன். முன் விறாந்தையில் பெரியவர்கள் பேப்பர் வாசிப்பார்கள், பின் அறையிலும் வேப்பமர நிழலிலும் நாங்கள். காசு வாங்குவதில்லை. உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் வந்து சொல்லிக் கொடுப்பார்கள்.

அங்கே பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். தரம் 6 படிக்கும் ஒரு தம்பி அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தார். மேலே இருப்பதை மேலே இருப்பதோடும் கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டியிருக்கிறார். பெரிய வகுப்பென்றால் இதற்கு ஒரு சிவப்புக் கோடு விழும், சரியான விடை பலகையில் இருக்கும், பார்த்து எழுதிக்கொள்வார். இங்கே பக்கத்தில் இருந்த அக்கா கேட்டார்: "தம்பி, ஐந்தில் இரண்டு அரையை விடக் கூடவோ குறையவோ?" யோசித்துவிட்டு "குறைய" என்றார். "அப்ப அரையோட இன்னும் கொஞ்சம் சேர்க்க எப்படிக் குறைஞ்சது?" அவ்வளவுதான், தம்பி பென்சிலை வைத்துவிட்டார். பழைய கலண்டர் தாளை நீளமாகக் கிழித்து ஆறாக மடித்தார்கள். அரைக்கு மூன்று பங்கு, மூன்றில் ஒன்றுக்கு இரண்டு பங்கு, சேர்த்தால் ஆறில் ஐந்து. அந்த அக்கா கடைசிவரை விடையைச் சொல்லவேயில்லை. ஒரு பிழை எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்க்கும் நேரம் பெரிய வகுப்பில் கிடைக்காது. எவ்வளவு நல்ல ஆசிரியராக இருந்தாலும் கிடைக்காது.

இன்னொரு பழக்கமும் வைத்திருக்கிறோம். வாசித்த பாடத்தை மூடிவைத்துவிட்டு, நினைவில் இருப்பதைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டும். இதற்கு ஆதாரம் உண்டு. 2006ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் செய்த சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே கூடுதலாக ஞாபகம் இருந்தது. இரவிரவாகச் சத்தம் போட்டுப் பாடமாக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டும்.

சாப்பாடு முக்கியம். வரும் பிள்ளைகளில் சிலருக்கு அம்மா அப்பா இரண்டு பேரும் கூலி வேலைக்குப் போயிருப்பார்கள், வீட்டில் அம்மம்மா மட்டும். கடலையோ அவித்த பயறோ ஒரு கை கொடுத்துவிட்டுத் தொடங்கினால் கவனம் தானாகப் படிப்பில் நிற்கும்.

அதன்பிறகு விளையாட்டு. கடைசி முக்கால் மணி நேரம் புத்தகம் எடுக்கக் கூடாது என்று வைத்திருக்கிறோம். பெற்றோர் சிலருக்கு இது பிடிக்காது, "விளையாடவோ அனுப்பினனாங்கள்" என்று கேட்பார்கள். கிளித்தட்டு விளையாடும்போது வந்து நின்று பாருங்கள் என்பேன். நிலத்தில் கீறிய கோடுகளை ஒரு பக்கம் காக்க, மறுபக்கம் தொடுபடாமல் கடக்கும் விளையாட்டு அது, காக்கும் பக்கத்தில் நடுக்கோட்டில் ஓடுபவர்தான் கிளி. வகுப்பில் வாய் திறக்காத ஒரு பிள்ளை கிளியாக நடுக்கோட்டில் ஓடி ஓடி, தன் பக்கத்து ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கோட்டைக் காக்கச் சொல்லும். "தொட்டது, தொடேல்லை" என்று சண்டை வரும், அதைத் தாங்களே பேசித் தீர்ப்பார்கள். அப்படிச் சத்தம் போட்டுப் பழகிய பிள்ளை பிறகு வகுப்பிலும் கை உயர்த்திச் சந்தேகம் கேட்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பிள்ளைகளைச் சும்மா கூட்டி வைத்தால் பலன் வராது. டர்லாக், வைஸ்பெர்க், பச்சான் என்ற மூவர், பிள்ளைகளின் தன்னம்பிக்கையையும் பழகும் விதத்தையும் வளர்க்க நடந்த இத்தகைய வகுப்புகள் பற்றிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2010ல் முடிவை வெளியிட்டார்கள். படிப்படியாகச் சொல்லிக் கொடுப்பது, பிள்ளைகளே செய்து பழகுவது, அதற்கென்று நேரம் ஒதுக்குவது, எதைப் பழக்குகிறோம் என்பதில் தெளிவாக இருப்பது, இந்த நான்கும் இருந்த இடங்களில் தன்னம்பிக்கை, நடத்தை, பரீட்சைப் புள்ளி எல்லாம் உயர்ந்திருந்தன. இவை இல்லாத இடங்களில் சொல்லும்படியான மாற்றம் தெரியவில்லை. எங்கள் அனுபவமும் அதேதான். ஆள் குறைந்து ஒழுங்கு குலைந்த நாட்களில் பிள்ளைகள் வெறுமனே பொழுதுபோக்கிவிட்டுப் போவார்கள்.

பிள்ளையைச் சேர்க்க முன் ஒருநாள் போய் அரை மணி நேரம் இருந்து பாருங்கள். கூடுதலாகக் கதைப்பது யார், படிப்பிப்பவரோ பிள்ளைகளோ? பிழை விட்ட பிள்ளைக்கு என்ன நடக்கிறது? இருட்ட முன் விடுகிறார்களா? தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வருடம் என்றால் ரியூசனை நிறுத்தச் சொல்ல மாட்டேன், வாரத்தில் இரண்டு பின்னேரத்தையாவது இப்படியான இடத்துக்கு விட்டுவையுங்கள்.

ஊரில் தொடங்க நினைப்பவர்கள் கட்டடத்துக்கு அலைய வேண்டாம். எங்கள் பக்கம் அநேகமான ஊர்களில் சனசமூக நிலையம் ஏற்கெனவே இருக்கிறது. பின்னேரத்தில் திறப்பு யாரிடம் இருக்கும் என்று நிர்வாகத்தோடு கதைத்து, உயர்தரம் முடித்த பிள்ளைகள் மூன்று பேரைப் பிடித்தால் அடுத்த கிழமையே தொடங்கலாம்.