கேட்ஜெட் கேள்வி-பதில்: சார்ஜர் பெருசு, கேபிள் சிறுசு

கேள்வி: 100 வாட் சார்ஜர் வாங்கினேன். லேப்டாப் 60 வாட்டைத் தாண்ட மறுக்கிறது. போனும் மெதுவாகத்தான் ஏறுகிறது. சார்ஜர் போலியா?

பதில்: சார்ஜரைத் திட்டுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள். டைப்-சி கேபிள்கள் வெளியே அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். உள்ளே கதை வேறு. சாதாரணக் கேபிளுக்கு 3 ஆம்பியர்தான் வரம்பு. 20 வோல்ட்டோடு பெருக்கினால் 60 வாட், அங்கேயே நின்றுவிடும். 5 ஆம்பியர் ஓட வேண்டுமானால் கேபிளின் முனைக்குள் இ-மார்க்கர் என்ற பொடிச் சிப் வேண்டும். ‘எனக்கு 5 ஆம்பியர் தாங்கும்’ என்று அது சொன்னால்தான் சார்ஜர் கூடுதலாக விடும். 100 அல்லது 240 வாட் என்று அச்சிட்ட கேபிளாக மாற்றுங்கள்.

கேபிளை மாற்றியும் சரியாகவில்லையா? இன்னொரு போர்ட்டில் வேறு ஏதாவது செருகியிருக்கிறதா பாருங்கள். இரண்டும் 100 வாட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும்.

போன் சங்கதி வேறு. சில மாடல்களின் முழு வேகத்துக்கு சார்ஜரில் பிபிஎஸ் வசதி தேவை; போன் கேட்கிறபடி வோல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைத்துத் தரும் வசதி அது. அது இருந்தால் சார்ஜரின் முதுகில் 3.3–11 வோல்ட் என்பதுபோல ஒரு வீச்சு போட்டிருக்கும். 80 சதவீதத்துக்கு மேல் வேகம் குறைவது கோளாறல்ல, பேட்டரியைக் காக்கும் ஏற்பாடு.

கேள்வி: 20,000 எம்ஏஎச் பவர் பேங்க், 5,000 எம்ஏஎச் போனை 4 முறை நிரப்பவில்லையே?

பதில்: நிரப்பாது. அந்த எண் பவர் பேங்குக்குள் இருக்கும் பேட்டரி செல்லின் 3.7 வோல்ட்டுக்கானது. போனுக்கு அனுப்ப அந்த வோல்ட்டை ஏற்றி இறக்குவதில் ஒரு பகுதி சூடாகவே போய்விடும். 3 முறை வந்தால் நல்ல சரக்கு.