உருகும் பாலங்கள் (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிளெமென்ட் வல்லா என்ற கலைஞரின் 'போஸ்ட்கார்ட்ஸ் ஃப்ரம் கூகுள் எர்த்' படத்தொகுப்பு பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். பூமியைக் கணினியில் சுற்றிக்காட்டும் கூகுள் எர்த் மென்பொருளிலிருந்து எடுத்த படங்கள், அவற்றில் பாலங்களெல்லாம் உருகிப் பள்ளத்தாக்குக்குள் தொங்குகின்றன. நான் பாலம் கட்டுகிற வேலையில் இருப்பவன். மென்பொருளில் ஒரு கோளாறு, அதை ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கிறார், அவ்வளவுதானே? கலைஞர் இதில் என்ன செய்தார்?

கே.

அன்புள்ள கே.,

கோளாறாக இருந்தால் நானும் உங்கள் கட்சிதான். ஆனால் அது கோளாறே இல்லை, மென்பொருள் தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான் பாலம் அப்படித் தொங்குகிறது. வல்லாவும் இதைத்தான் சொல்லிவருகிறார்.

கூகுள் எர்த்திடம் இருந்தவை இரண்டு: மேலிருந்து எடுத்த தட்டையான படம், தரையின் உயரக் கணக்கு. ஈரத் துணியைப் பாறைமேல் விரிப்பதுபோல அந்தப் படத்தை இந்தக் கணக்கின்மேல் விரித்துவிடும். மலை, வயல் எல்லாம் பொருந்திவிடும். பாலத்தில்தான் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் அங்கே மேலே சாலை, கீழே ஆறு என்று ஒரே புள்ளிக்கு இரண்டு உயரம், கணக்கிலோ புள்ளிக்கு ஓர் உயரம்தான். ஆற்றின் உயரம் பதிவாகியிருந்தால் தார்ச்சாலை இந்தக் கரையிலிருந்து சரிந்து இறங்கி, தண்ணீரைத் தொட்டு, அந்தக் கரையில் ஏறும், போகிற லாரியும் சரிவில் ஒட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் பாலத்தின் நிழலைக் கவனியுங்கள். அது மட்டும் ஒழுங்காக இருக்கும், தரையில் விழுந்ததாயிற்றே!

அப்புறம் காலம். அந்த உயரக் கணக்கின் பெரும்பகுதிக்கு அடிப்படை, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ஓடம் 11 நாள் பறந்து ரேடாரால் அளந்தது. மேலே விரித்த படமோ பல வருடம் பிந்தியது, அதை ஒட்டிய அடுத்த துண்டு வேறொரு பருவத்தில் எடுத்ததாகவும் இருக்கலாம். 2013ல் கூகுள் மேகமே இல்லாத பூமியைக் காட்டியது நினைவிருக்கிறதா? லேண்ட்சாட் 7 செயற்கைக்கோளின் பல படங்களிலிருந்து மேகம் படாத புள்ளிகளைப் பொறுக்கிச் சேர்த்தது அது. அப்படி ஒரு பூமி எந்த நாளிலும் இருந்ததில்லை, ஆனால் நாம் அதைப் புகைப்படம் என்றே நம்பிப் பார்க்கிறோம். பாலம் தொங்குகிற இடத்தில்தான் அந்த நம்பிக்கையின் தையல் பிரிகிறது, வல்லா விரல் வைப்பது அங்கேதான்.

கலைஞர் செய்தது என்ன என்றால், 2010லிருந்து தேடித் தேடிச் சேர்த்தார், எந்தச் செயற்கைக்கோளும் பார்க்காத ஒரு சாய்வைத் தேர்ந்தெடுத்துச் சட்டமிட்டார், ஊர்ப்பெயர் போடாமல் அட்சரேகை தீர்க்கரேகையையே தலைப்பாக வைத்தார். உழைப்புதான் அளவுகோல் என்றால் நான் ஜான் ஜெரார்ட் என்ற இன்னொரு கலைஞரின் 'வெஸ்டர்ன் ஃபிளாக்'கைத்தான் (2017) காட்டுவேன். 1901ல் எண்ணெய் பீறிட்ட டெக்சாஸின் ஸ்பின்டில்டாப் நிலத்தைக் கணினியில் கட்டி, கம்பத்தில் கரும்புகையைக் கொடியாகப் பறக்கவிட்டவர் அவர், அங்கே பொழுது விடியும்போது திரையிலும் விடியும். பிரமாதமான வேலை. இருந்தாலும் என் மனதில் நிற்பது வல்லாவின் பாலங்கள்தான், அவர் எதையும் கட்டவில்லை என்பதாலேயே. (எல்லாப் படமும் அல்ல. நெடுஞ்சாலை மேம்பாலங்கள் சுருண்டு கிடக்கிறவை மூன்று பார்த்தால் சலித்துவிடுகின்றன.)

அவசரமும் இருந்தது. 2012லிருந்து கூகுள் பல கோணத்து விமானப் படங்களைக் கொண்டு நகரங்களைத் தானாகவே முப்பரிமாணத்தில் எழுப்பத் தொடங்கியது, பாலங்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்துவிட்டன. பழைய தோற்றம் இன்று அந்த ஸ்கிரீன்ஷாட்டுகளில்தான் இருக்கிறது, அவற்றை எடுத்துவைத்ததே எனக்குப் போதுமான வேலையாகத் தெரிகிறது.

கணினியில் கூகுள் எர்த் ப்ரோ இருந்தால் முப்பரிமாணக் கட்டடங்களை அணைத்துவிட்டு நீங்கள் கட்டிய பாலம் ஒன்றைச் சாய்த்துப் பாருங்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் நன்றாகத் தெரியும்.