பையான் மின்னோட்டம் சேர்த்தும் டியூட்டெரான் எண் அசையவில்லையே?

டியூட்டெரான், அதாவது ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த அணுக்கரு பற்றி மார்த்தாண்டத்திலிருந்து ஒரு முதுகலை இயற்பியல் மாணவி கேட்கிறார்: "அர்கான் வி18 என்ற அணுக்கரு விசை மாதிரியை வைத்து டியூட்டெரானின் காந்தத் திருப்புத்திறனைக் கணக்கிட்டேன். 0.847 அணுக்கரு மேக்னெட்டான் வருகிறது. சோதனை மதிப்பு 0.857. பையான் பரிமாற்ற மின்னோட்டத்தைச் சேர்த்தும் எண் துளிகூட மாறவில்லை. நிரலில் பிழையா?"

இல்லை. மாறியிருந்தால்தான் நிரலைச் சந்தேகிக்க வேண்டும். பையான் மின்னோட்டம் என்பது நியூக்ளியான்கள் (புரோட்டான், நியூட்ரான்) தங்களுக்குள் பையான் என்ற துகளைக் கைமாற்றும்போது எழுவது. அதன் முதன்மையான பகுதியில் இரு நியூக்ளியான்களின் ஐசோஸ்பின்களும் (புரோட்டானையும் நியூட்ரானையும் ஒரே துகளின் இரு நிலைகளாகக் காட்டும் எண்) குறுக்குப் பெருக்கலாக வருகின்றன. அது ஐசோஸ்பின் 0 நிலையை 1 நிலையோடு மட்டுமே இணைக்கும். டியூட்டெரானின் ஐசோஸ்பின் 0; ஆகவே விடை சுத்தமான சுழி.

உங்கள் 0.847 சரியான எண்தான். புரோட்டானின் 2.793-ஐயும் நியூட்ரானின் −1.913-ஐயும் கூட்டினால் 0.880. அதிலிருந்து டி அலை விகிதத்தை (சுற்றுக்கோண உந்தம் 2 உள்ள பகுதியின் பங்கை) 0.570-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். வி18-இல் அந்த விகிதம் 5.76 விழுக்காடு. அதை 3.9 ஆக்கினால் 0.857 வந்துவிடுமே என்று விசையைத் திருகாதீர்கள். டி அலை விகிதம் நேரடியாக அளக்கக்கூடியதே அல்ல. மிச்சம் 0.01, விசையின் உந்தம் சார்ந்த பகுதிகள் தரும் மின்னோட்டங்களிலும் சார்பியல் திருத்தங்களிலும் இருக்கிறது. கைரல் கோட்பாட்டில் (குறைந்த ஆற்றலில் அணுக்கரு விசையை விவரிக்கும் கோட்பாடு) இதற்கென்று ஒரு மாறிலி உண்டு. பெரும்பாலும் அதையே டியூட்டெரான் மதிப்புக்குப் பொருத்திவிடுவார்கள். அதன்பின் 0.857 வந்தது என்று மகிழ ஒன்றுமில்லை.

பையான் பகுதியைச் சோதிக்க உகந்த இடம், வெப்ப நியூட்ரானைப் புரோட்டான் பிடிக்கும் வினை. ஐசோஸ்பின் 1-லிருந்து 0-க்குத் தாவல் நடப்பது அங்கேதான். ஒற்றை நியூக்ளியான் மின்னோட்டம் மட்டும் இந்த வினையின் குறுக்குவெட்டாக சுமார் 304 மில்லிபார்ன் தரும், அளந்தது 334. இந்த ஏறக்குறைய 10 விழுக்காட்டுக் குறையைப் பரிமாற்ற மின்னோட்டங்களால் விளக்கியவர்கள் இயற்பியலாளர்கள் ரிஸ்காவும் பிரௌனும், 1972-இல். பெரும்பங்கு பையானுடையது, மீதி டெல்டா கிளர்வும் (நியூக்ளியான் டெல்டா துகளாகக் கிளர்வது) பையானைவிடக் கனமான மெசான்களும். இங்கே கூட்டுத்தொகையான 0.880 அல்ல, புரோட்டானின் மதிப்பிலிருந்து நியூட்ரானின் மதிப்பைக் கழித்த 4.706 வர வேண்டும். பலர் சறுக்குவது இதில்தான். சுழி ஆற்றலில் சிதறல் அலை, விசை ஓய்ந்தபின் நேர்கோடாகும். அதை உள்நோக்கி நீட்டினால் −23.7 ஃபெர்மியில் அச்சை வெட்ட வேண்டும். டியூட்டெரான் அலையை 10 ஃபெர்மியில் வெட்டினால் நிகழ்தகவில் ஏறக்குறைய 1.6 விழுக்காடு போய்விடும். 25 வரை போங்கள். சாதாரண மடிக்கணினி போதும்.

பையான் மின்னோட்டத்தின் சீகல் பகுதியும் (ஃபோட்டான் நியூக்ளியானும் பையானும் சேரும் முனையில் இணைவது) பறக்கும் பையான் பகுதியும் (ஃபோட்டான் வழியிலுள்ள பையானிலேயே இணைவது) எதிரெதிர்க் குறியில் ஓரளவு கழித்துக்கொள்ளும். ஒரு குறி தவறினால் விடை நம்பும்படியாகவே இருக்கும், ஆனால் தப்பு. அதனால் மின்னூட்டம் அழியாமையைச் சொல்லும் தொடர்ச்சிச் சமன்பாட்டை எண்களால் சரிபாருங்கள்: ஏதாவது இரு பையான் உந்தங்களைக் கொடுத்து, ஃபோட்டான் உந்தத்தை மொத்த மின்னோட்டத்தோடு புள்ளிப் பெருக்கம் செய்தால், அந்த இரு உந்தங்களிலும் உள்ள பையான் விசைகளின் வித்தியாசம் கிடைக்க வேண்டும். முதலில் வெட்டுச்சார்பு (உயர் உந்தங்களில் விசையைத் தணிக்கும் சார்பு) இல்லாமல் செய்யுங்கள். பிறகு விசையில் உள்ள அதே வெட்டுச்சார்பைப் போடுங்கள். அப்போது பறக்கும் பையான் பகுதியில் ஒரு கூடுதல் உறுப்பும் தேவைப்படும். அதை விட்டால் சமன்பாடு பொருந்தாது.

இது தேறியபின் டிரிட்டியத்துக்கும் (திருப்புத்திறன் 2.979) ஹீலியம்-3-க்கும் (−2.128) போகலாம்.