கடலுக்கு அடியில் 5,000 மீட்டரில் வெறும் சேறுதானே இருக்கிறது? அங்கே கனிமம் எடுத்தால் யாருக்கு என்ன நட்டம்?

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை யாரோ கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே நான் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. "வெறும் சேறு" என்று இருந்ததால் எழுத உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சேற்றை முழங்கை வரை பூசிக்கொண்டு சம்பளம் வாங்கியவன் நான்.

நான் விஞ்ஞானி இல்லை. ஆய்வுக் கப்பல்களில் மேல்தளத்தில் வின்ச், அதாவது கம்பிக் கயிற்றை இறக்கி ஏற்றும் இயந்திரம், இயக்கியவன். "கயிறு இழுத்தவனுக்கு உயிரியல் என்ன தெரியும்" என்று கீழே யாராவது எழுதப் போகிறீர்கள். எழுதுங்கள். ஆனால் அந்தக் கயிறு மேலே வரும்போது முதலில் பார்த்தவர்கள் நாங்கள்தான்.

நீங்கள் சொல்லும் கனிமம் மாங்கனீசு முடிச்சுகள். உருளைக்கிழங்கு அளவில், கருத்த கட்டிகளாக, 4,000 முதல் 6,000 மீட்டர் ஆழத்துத் தரையில் கிடக்கும். மாங்கனீசோடு நிக்கல், தாமிரம், கோபால்ட்டும் உண்டு. பத்து லட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டர்தான் வளரும். இந்தியா முதல் முடிச்சை எடுத்தது 1981 ஜனவரி 26 அன்று, அரபிக்கடலில், கவேஷனி கப்பலில். இப்போது நமக்கு ஆய்வு உரிமை இருப்பது மத்திய இந்தியப் பெருங்கடலில், பூமத்திய ரேகைக்கும் தெற்கே. சர்வதேசக் கடற்படுகை ஆணையத்துடன் 2002இல் போட்ட ஒப்பந்தப்படி 75,000 சதுர கிலோமீட்டர்.

அந்தக் காலத்தில் முடிச்சு எடுக்க, கயிறே இல்லாத ஒரு கருவி வைத்திருந்தோம். மேலே கண்ணாடி மிதவைகள், கீழே இரும்புத் தாடை, அதோடு ஒரு எடை. கடலில் போட்டால் அதுவாகவே இறங்கும். தரையைத் தொட்டதும் எடை கழன்றுவிடும், தாடை மூடிக்கொள்ளும், மிதவை அதைத் தூக்கிக்கொண்டு மேலே வரும். போய்வர மணிக்கணக்காகும். ஒரே இடத்தில் பலவற்றைப் போடுவோம். எது எங்கே முளைக்கும் என்று யாருக்கும் தெரியாது. இரவுக் காவல் முறை என்றால் இருட்டில் அதன் மின்னும் விளக்கைத் தேடிக் கம்பிப் பிடியைப் பிடித்தபடி நிற்க வேண்டும். முதலில் பார்க்கிறவருக்கு செராங், அதாவது தள ஆட்களின் தலைவர், ஒரு டீ வாங்கித் தருவார். சில கருவிகள் வரவே வராது. அடியில் எங்கோ சிக்கிக் கிடக்கும்.

சேற்றை அப்படியே வெட்டியெடுக்கப் பெட்டிக் கருவி ஒன்று இருந்தது. அதை இறக்கத்தான் வின்ச். கம்பியின் எடையே டன் கணக்கில் இருக்கும் என்பதால் கண் முழுக்க இழுவிசை முள்ளில்தான் இருக்கும். முள் சட்டென்று இறங்கினால் பெட்டி தரை தட்டிவிட்டது என்று பொருள். மேலே வந்த பெட்டியில் கைவைத்தால் விரல் மரத்துப்போகும். தளத்தில் கால் பொசுக்கும் வெயில், கீழே தண்ணீரோ 2 டிகிரிக்கும் கீழ்.

அந்தச் சேற்றை மெல்லிய சல்லடையில் அலசி, ஃபார்மலினோடு ரோஸ் பெங்கால் என்ற சாயத்தையும் கலந்து வைப்பார்கள். உயிராக இருந்தது எல்லாம் இளஞ்சிவப்பாகிவிடும். வெள்ளைத் தட்டில் ஊற்றினால் மயிரிழை மாதிரிப் புழுக்கள், பொடி இறால் போன்றவை. பசிபிக்கில் இப்படித் தேடியவர்கள், கிளாரியன் கிளிப்பர்ட்டன் பகுதியில் ஏறத்தாழ 5,600 இனங்கள் இருக்கலாம் என்றும் அதில் பத்தில் ஒன்பதுக்கு இன்னும் பெயரே வைக்கவில்லை என்றும் 2023இல் கணக்கிட்டார்கள். உங்கள் வெறும் சேறு இதுதான்.

இதற்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. ஒருமுறை பயணம் முடிந்து வந்தால் வங்கியில் என் கணக்கை முடக்கி வைத்திருந்தார்கள். அடையாளச் சான்று புதுப்பிக்கவில்லையாம். "குறுஞ்செய்தி அனுப்பினோமே" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். நடுக்கடலில் எந்தக் கோபுரத்திலிருந்து எனக்குக் குறுஞ்செய்தி வரும்? வீட்டில் பள்ளிக் கட்டணத்துக்குச் சங்கிலியை அடகு வைத்திருந்தார்கள். அதற்கு வட்டியும் நான்தான் கட்டினேன். வங்கி அதிகாரிகள் யாராவது படித்தால், கடலில் இருப்பவன் செத்துப்போகவில்லை என்று படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள்.

சரி, நட்டத்துக்கு வருகிறேன். அந்த ஆழத்தில் எங்கும் மெத்தென்ற சேறு. கடற்பஞ்சு மாதிரி எதையாவது பற்றிக்கொண்டு வாழும் உயிருக்கு அங்கே கிடைக்கும் கெட்டியான இடம் முடிச்சு ஒன்றுதான். முடிச்சை அள்ளினால் அதன் வீட்டையும் சேர்த்து அள்ளுகிறோம். இன்னொரு முடிச்சு வளரும்வரை அது காத்திருக்குமா? பெரு நாட்டுக்கு அப்பால் 1989இல் ஜெர்மானியர்கள் ஆழ்கடல் தரையில் ஏரோட்டிப் பார்த்தார்கள். 26 ஆண்டு கழித்து 2015இல் திரும்பிப் போனபோது உழுத தடம் அப்படியே இருந்தது. நம்மவர்களும் 1997இல் இந்தியப் பெருங்கடலில் சேற்றைக் கலக்கிப் பார்த்தார்கள், கலக்கிய இடத்தில் உயிர்கள் குறைந்தன. ஒரு பட்டையைக் கலக்கியதற்கே இப்படி.

உடனே என்னை வளர்ச்சிக்கு எதிரி ஆக்கிவிடாதீர்கள். என் கைபேசியிலும் கோபால்ட் இருக்கிறது. சென்னை பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் செய்யும் மத்ஸ்யா 6000 என்ற, ஆள் ஏறிப்போகும் ஆழ்கடல் கலத்தைப் பற்றிச் செய்தி வந்தால் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுபவன் நான். 2.1 மீட்டர் விட்டமுள்ள டைட்டானியம் கோளத்துக்குள் மூன்று பேர் 6,000 மீட்டர் போகப் போகிறார்கள். 2025 ஆகஸ்டில் பிரான்சின் நாட்டீல் என்ற ஆழ்கடல் கலத்தில் நம்மவர் ஒருவர் 5,002 மீட்டர் வரை இறங்கித் திரும்பினார்.

எனக்கு உறுத்துவது வரிசை. தரையில் ஊர்ந்து முடிச்சு அள்ளுவதற்கான வராஹா இயந்திரத்தை 2021லேயே 5,270 மீட்டரில் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. நம் சொந்தக் கலத்தில் ஆள் போய்ப் பார்ப்பது அதற்குப் பின்னால் நிற்கிறது. கேமரா போயிருக்கிறதே என்பீர்கள். போயிருக்கிறது, மறுக்கவில்லை. சேற்றுக்குள் புதைந்திருக்கும் புழு கேமராவில் தெரியாது. அதற்குச் சல்லடை வேண்டும், அலசுகிற ஆள் வேண்டும், தட்டில் கிடப்பதற்குப் பெயர் வைக்கப் படித்தவர்கள் வேண்டும். அந்தப் படிப்புக்கு முதலில் பணம் ஒதுக்கட்டும், இயந்திரத்தை அப்புறம் இறக்கலாம்.